கிருபா ஓட்டிய சிவப்பு என்ஜின்

மாதிரி ரயில் என்ஜினை ஓட்டியதற்காக மெமோ வாங்கிய ஆய்வக உதவியாளர் இந்த மாவட்டத்தில் கிருபா ஒருவராகத்தான் இருப்பார். அந்த மெமோவுக்குக் காரணமான புகாரை எழுதியவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள மனம் வரும்.

பல்லடத்திலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். பதினாறு வருடமாக அங்கே நான் தமிழாசிரியர். எல்லோருக்கும் தமிழய்யா.

2019 தை மாதம், ஜெர்மனியிலிருந்து சென்னகேசவன் என்பவர் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்தார். எங்கள் பள்ளியில் படித்தவர். அங்கே நாற்பது வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் ஒரு நீராவி என்ஜினின் மாதிரி இருந்தது. 1936-இல் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய ஜெர்மன் என்ஜின் அது. அந்த வகையில் மொத்தமே மூன்றுதான் செய்தார்களாம். அதை முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, தன் வீட்டு நிலவறையில் ஏழு வருடம் உட்கார்ந்து பித்தளையில் செய்திருந்தார். கிட்டத்தட்ட இரண்டு முழ நீளம், இரண்டு கைக்கும் கனம். ஓடுவது மின்சாரத்தில். நாம் பார்த்த கரி என்ஜின் மாதிரியே இல்லை. காற்று மோதாமல் வழுக்கிப் போவதற்காகத் தலை முதல் சக்கரம் வரை வழவழவென்று ஒரே போர்வை. திராட்சை ரசச் சிவப்பு. பக்கவாட்டுக் கதவுகளைத் தூக்கினால்தான் உள்ளே சக்கரங்களும் தண்டுகளும் தெரியும்.

அன்று இறைவணக்கக் கூடத்தில் தண்டவாளம் போட்டு இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். ஆயிரம் பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். "மாசத்துக்கு ஒருக்காலாச்சும் இதை ஓட்டோணும். பசங்க தொட்டுப் பாக்கோணும். அதுக்குத்தான் குடுக்கறேன்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

அவர் விமானம் ஏறிய வாரமே தலைமையாசிரியர் சாய்குமார் தேக்கில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னார். என்ஜின் அதற்குள் போயிற்று. பெட்டி அவர் அறைக்குள் போயிற்று. பூட்டு தொங்கியது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பெட்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்து ஜெர்மனிக்கு அனுப்புவார். அங்கிருந்து நன்றி என்று பதில் வரும். பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் வராந்தா ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், தலைமையாசிரியர் இல்லாத நேரத்தில்.

கிருபாவுக்கு அப்போது நாற்பது வயது. அதே பள்ளியில் படித்தவர். அவருடைய அப்பா அங்கப்பன் இதே பள்ளியில் துப்புரவுப் பணியாளர். பணியில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் இறந்து போனார். அதனால் கருணை அடிப்படையில் கிருபாவுக்குக் கிடைத்தது ஆய்வக உதவியாளர் இடம். கிருபா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர் என்பது நிறைய ஆசிரியர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "ஏம்மா கிருபா, டீ சொல்லிரு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் பத்தாம் வகுப்பு படித்த காலத்தில் ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு கருவி. காலனிப் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கும்படி அன்றைய ஆசிரியர் பிரித்துவிடுவார். அவர்கள் வேலை, மற்ற மூன்று பேரும் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதுவது. கருவியைத் தொடுவது அல்ல. "நீ ரீடிங் எழுது கண்ணு, உன் கையெழுத்து நல்லாருக்குது" என்பாராம். கிருபா முதல் தடவையாகத் திருகு அளவியைக் கையில் எடுத்தது கல்லூரியில், பதினெட்டு வயதில். அதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று தெரியாமல் நின்றபோது உடன் படித்தவர்கள் சிரித்தார்கள்.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் உயரவில்லை. கோபம் வந்தால் கிருபாவுக்குக் குரல் உயராது, மரியாதை கூடும். சாதாரணமாக ஒரு 'ங்க' போடும் இடத்தில் இரண்டு விழும். அவர் வந்த பிறகு எங்கள் ஆய்வகத்தில் ஒரு பொருள்கூடப் பெட்டிக்குள் தூங்கவில்லை. "உடைஞ்சுட்டா யாரு பதில் சொல்றது?" என்று ஆசிரியர்கள் கேட்டால், "நான் சொல்றனுங்க" என்பார். உடைந்ததும் உண்டு. பதிவேட்டில் அவர் கைப்பட எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்.

2022 மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. உறையில் 'இயற்பியல் ஆய்வகப் பொறுப்பாளருக்கு' என்று தமிழில் எழுதியிருந்ததால் சுப்பண்ணன், எங்கள் காவலாளி, அதை நேராகக் கிருபாவிடம் கொடுத்துவிட்டார். சென்னகேசவன் எழுதியிருந்தார். கண்பார்வை மங்கி வருகிறது, என்ஜின் ஓடுகிற படம் ஒன்று அனுப்ப முடியுமா, ஓட்டாமல் வைத்தால் உள்ளே கிரீஸ் இறுகிப் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும், கவனம். அவ்வளவுதான் கடிதம்.

கிருபா அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். நானும் அறையில் இருந்தேன்.

"சார், ஒரு நாளைக்கு இதை லேபுக்கு எடுத்துட்டுப் போறனுங்க. ஓட்டிப்போட்டுச் சாயங்காலமே வெச்சர்றேன்."

"ஏம்மா, அது என்ன பொம்மையா? பசங்க கை பட்டா ஒரே நாள்ல முடிஞ்சுரும்."

"பசங்க கை படறதுக்குத்தானுங்க சார் குடுத்தாங்க."

"பாக்கலாம். ஆண்டு விழா வரட்டும்."

ஆண்டு விழா வந்தது, போனது. இரண்டாவது முறை கேட்டார். ஆய்வு முடியட்டும் என்றார். மூன்றாவது முறை கேட்டபோது சாய்குமார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்றார்.

"சரிங்க சார். ரொம்பச் சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு கிருபா வெளியே வந்தார். அந்த மரியாதையைக் கேட்டபோதே, இது இதோடு முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. தலைமையாசிரியர்கள் கூட்டத்துக்காகச் சாய்குமார் திருப்பூர் போயிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் டீச்சர் ஜன்னத் காற்றுத்தடை பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் எடுத்த தற்காலிக ஆசிரியை, வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஹெச்செம் ரூம்ல இருக்கற ரயிலுக்கு ஏன் சக்கரத்தையெல்லாம் மூடி வெச்சிருக்காங்க? அதுவும் காத்துக்காகத்தானா?" என்று கேட்டாள். ஜன்னத்துக்குப் பதில் தெரியும். காட்டத்தான் வழி இல்லை. கரும்பலகையில் படம் போட்டுப் பார்த்தார். பின்னால் திருகு அளவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த கிருபா துணியைக் கீழே வைத்தார்.

மாதிரி என்ஜின் ஆய்வகப் பொருள் என்று இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. ஆகவே பெட்டியின் மாற்றுச் சாவி முறைப்படி அவரிடமே இருந்தது. மூன்றரை வருடமாக இருந்தது. தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அவரும் ஜன்னத்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்ஜினைத் தூக்கி வந்தார்கள். தண்டவாளத் துண்டுகள் அதே அறையில் பீரோவின் அடியில், அட்டைப் பெட்டியில் அன்று கட்டி வைத்தபடியே கிடந்தன. பிள்ளைகள் அவற்றை ஆய்வக வராந்தாவில் நீளமாகப் பூட்டினார்கள். ஐம்பது அடி வந்தது. கடைசியில் ஒரு சாக்குப்பையைச் சுருட்டிப் போட்டார்கள்.

முதலில் ஓடவில்லை. விர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. கடிதத்தில் எழுதியது போலவே உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. கிருபா பக்கவாட்டுக் கதவுகளைத் தூக்கி, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பக்கத்து வகுப்பில் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பு முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. நானும்தான்.

பிறகு ஓடியது. போர்வைக்குள் சக்கரங்கள் சுற்றுவது தெரியாமல், தரையைத் தொடாமல் போவது போலப் போயிற்று. கிருபா கதவுகளைத் தூக்கி வைத்து ஒருமுறை, மூடி வைத்து ஒருமுறை ஓட்டினார். பிள்ளைகள் வராந்தாவில் குப்புறப் படுத்துக்கொண்டு கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கையில் கொடுத்தார். நாற்பத்தொரு பேர். எழுதுவதற்கென்று யாரையும் நிறுத்தவில்லை.

முப்பது பேருக்கு மேல் ஓட்டியிருப்பார்கள். ஒரு பெண் திருகைக் கடைசி வரை திருகிவிட்டாள். என்ஜின் சாக்கைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாத் தூணில் மூக்கை இடித்தது. சிவப்புப் பூச்சு ஒரு விரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து பித்தளை தெரிந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கினாள். கிருபா என்ஜினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்து, "ஒண்ணும் ஆகுல கண்ணு. மறுபடி ஓட்டு, மெதுவா" என்று அவள் கையிலேயே திருகைக் கொடுத்தார். மீதிப் பேரும் ஓட்டி முடித்தார்கள். மாலையில் என்ஜின் பெட்டிக்குள் திரும்பியது. பதிவேட்டில் எழுதினார்: ஓட்டும்போது தூணில் மோதி முன்புறம் கீறல். பொறுப்பு, கிருபா.

மறுநாள் காலை சாய்குமார் கீறலைப் பார்த்தார்.

"யாரு ஓட்டுனது?"

"நானுங்க சார். ரெஜிஸ்டர்ல எழுதியிருக்குது பாருங்க."

"பசங்கள்ல யாருன்னு கேக்கறேன்."

"நானுங்க சார்."

"காலனிப் புள்ளைதானே? அதான் பேரைச் சொல்ல மாட்டேங்கற. இதுகளுக்கெல்லாம் இடம் குடுத்தா இப்படித்தான்."

உண்மையில் அந்தப் பெண் காலனிப் பிள்ளை அல்ல. விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவரின் மகள். கிருபா அதைச் சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே அடங்கியிருக்கும். சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த எனக்கும் அது தெரியும். நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாததும் நான் சொல்லாததும் ஒன்றல்ல.

கிருபா பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "சார், நீங்க பெரியவங்க. நீங்க சொல்றது சரியாத்தானுங்க இருக்கும். இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி இதே ஸ்கூல்ல எனக்கும் இடம் குடுக்காம இருந்தாங்க. அப்பவும் ஒண்ணும் உடையலீங்க" என்றார்.

சாய்குமாருக்கு முகம் கறுத்துவிட்டது. கிருபா போனதும் என்னைக் கூப்பிட்டார். "தமிழய்யா, உங்க கை நல்லா எழுதும். ஆபீசுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுங்க."

எழுதினேன். 'தலைமையாசிரியரின் அனுமதியின்றிப் பெட்டியைத் திறந்து, விலைமதிப்பற்ற நன்கொடைப் பொருளை அலட்சியமாகக் கையாண்டு சேதப்படுத்தியுள்ளார்' என்று எழுதினேன். நேரில் கண்ட சாட்சி என்று கீழே கையெழுத்தும் போட்டேன். எனக்கு அந்த வருடம் பல்லடத்துக்குள்ளேயே மாறுதல் தேவைப்பட்டது, அதற்குத் தலைமையாசிரியரின் பரிந்துரை வேண்டும். காரணம் அவ்வளவு சின்னது. கடைசியில் அந்த மாறுதலும் கிடைக்கவில்லை.

மெமோவோடு என் அறிக்கையின் நகலும் கிருபா கைக்குப் போயிற்று. மதிய இடைவேளையில் அவர் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க தமிழய்யா, அனுமதி வாங்குலீங்கறது நெசமுங்க. சேதமும் நெசமுங்க. இந்த 'அலட்சியமா'ங்கற வார்த்தை யாருதுங்க? ஹெச்செம் சொன்னதுங்களா, உங்குளுதுங்களா?"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

"எழுதறப்ப அப்படி வந்துருச்சும்மா" என்றேன்.

"ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தீங்களே, சார். அரை மணி நேரம் ஒவ்வொரு பல்லாத் தொடச்சேன். அலட்சியமுங்களா அது?"

டிபன் பாக்ஸை மூடினேன். "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று சாப்பிடவில்லை. அதைச் சொல்லி இரக்கம் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணைக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஜன்னத் டீச்சர், தான் கேட்டுத்தான் கிருபா எடுத்து வந்தார் என்று சொல்லத் தயாராக இருந்தார். கிருபாதான் தடுத்தார். "நீங்க டெம்ப்ரவரி டீச்சர். வாயத் தொறந்தா நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிருவாங்க. பசங்களுக்கு இருக்கறதே ஒரு பிசிக்ஸ் டீச்சர். கம்முனு இருங்க." தன் முறை வந்தபோது அதிகாரியிடம் இருப்புப் பதிவேட்டையும் சென்னகேசவனின் கடிதத்தையும் வைத்தார். மாதம் ஒரு முறை ஓட்டச் சொன்னவர் கொடுத்தவர், ஓட்டாமல் விட்ட நாற்பத்திரண்டு மாதத்துக்கு யாருக்கு மெமோ கொடுப்பீர்கள் என்று கேட்டார். அதிகாரி அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்ததாக என்னைக் கேட்டார். "அறிக்கையில் உள்ளதுதான்" என்றேன்.

ஐப்பசியில் கிருபாவுக்கு உடுமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருந்தார்கள். அவர் வீடு பல்லடத்தில். வீட்டுக்காரர் கோழித் தீவன ஆலையில் வேலை. மாமியார் படுத்த படுக்கை. வீட்டை மாற்ற முடியாது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர அதே அளவு. பிரிவு உபசாரக் கூட்டம் வைக்கலாம் என்று யாரோ பேச்செடுத்தார்கள். "எதுக்குங்க சிரமம்" என்று கிருபா சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் போய் அதற்கடுத்த தை. சென்னகேசவன் மகள் ஷ்ரவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கண் அநேகமாகப் போயிருந்தது. சாய்குமார் பெட்டியைத் திறந்து காட்டினார். பெரியவர் என்ஜினை விரலால் தடவிக்கொண்டே வந்து மூக்கில் நின்றார். பெயர்ந்த இடத்தை இரண்டு மூன்று முறை தடவினார்.

"ஓடியிருக்குது" என்றார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

சாய்குமார் தவறாகப் புரிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க. லேப் அசிஸ்டெண்ட் ஒருத்தி பண்ணுன காரியம். அப்பவே ஆக்‌ஷன் எடுத்து மாத்தியாச்சுங்க."

பெரியவர் என்ஜினிலிருந்து கையை எடுத்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். வழி காட்ட என்னை அனுப்பினார்கள். வேறு யாரும் வரத் தயாராக இல்லை.

உடுமலை தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அந்தப் பள்ளி. கிருபா ஆய்வகத்தில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி பெரியவருக்கு நாற்காலி போட்டார். பெரியவர் கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கினார். கிருபா கையை விடுவித்துக்கொண்டார்.

"உங்குளுக்கு நன்றி சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. எனக்கு உங்க மேலயும் கோவமுங்க. வருசா வருசம் பெட்டிக்கு மாலை போட்ட போட்டோ வந்துச்சு. ஒருக்காலாச்சும், ஏன்டா பொட்டிக்குள்ள இருக்குதுன்னு கேட்டீங்களா? அப்பக் கண்ணு நல்லாத்தானுங்களே இருந்துச்சு."

ஷ்ரவ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். "கேக்கோணும்னு தோணலம்மா" என்றார். "மாலை போட்டு மரியாதையா வெச்சிருக்காங்கன்னு பெருமையா இருந்துச்சு."

"அதானுங்க."

"இப்ப நான் என்ன பண்ணோணும்? இந்த ஸ்கூலுக்கே மாத்திக் குடுத்தரட்டுமா? நீ வெச்சுக்கறயா?"

"எனக்கெதுக்குங்க? ஓட்டத் தெரிஞ்ச பசங்க அங்க இருக்குதுங்க. லேபுல வெக்கச் சொல்லுங்க. சாவி ஜன்னத் டீச்சருட்ட இருக்கோணும். இல்லீன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. பொட்டிக்குள்ள இருக்கறதுக்கு ஜெர்மனியிலயே இருக்கலாமுங்க."

பெரியவர் அப்படியே மகளை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்திரிகைக்காரர்களிடமும் சொல்வேன் என்று ஷ்ரவ்யா ஒரு வரி சேர்த்ததுதான் சாய்குமாரிடம் வேலை செய்தது. என்ஜின் ஆய்வகத்துக்கு வந்தது. ஜன்னத் டீச்சர் மாதம் இரண்டு முறை வராந்தாவில் ஓட்டுகிறார். தூணில் இப்போது பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறார்கள். ஆனால் கிருபாவின் மாறுதலை யாரும் ரத்து செய்யவில்லை. தண்டனை என்று உத்தரவில் இல்லாததால் மேல்முறையீடு செய்ய வழியில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கிருபாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் ஒரு மனு எழுதினேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டுத்தான் எழுதினேன். என் அறிக்கையில் 'அலட்சியமாக' என்று எழுதியது பொய், அவர் கவனமாகக் கையாண்டதை நேரில் பார்த்தேன், கீறலுக்குக் காரணம் விபத்து, தலைமையாசிரியர் சொல்லி எழுதினேன் என்று எழுதி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். அதன் பிறகு சாய்குமார் என்னோடு பேசுவதில்லை.

நகலை எடுத்துக்கொண்டு ஒரு மாலை பல்லடம் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். உடுமலை பஸ்ஸிலிருந்து கிருபா இறங்கினார். கூட்டத்தில் நின்றே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கொடுத்தேன். அங்கேயே நின்று முழுவதும் படித்தார்.

"இதை ஆபீசுல குடுத்துட்டீங்களா, எனக்குக் காட்டறதுக்கு எழுதுனீங்களா?"

பின்பக்கம் இருந்த முத்திரையைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார்.

"நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு பாக்காதீங்க, தமிழய்யா. தெனமும் மூணரை மணி நேரம் பஸ்ஸுல நிக்கறேன். நிக்கற ஒவ்வொரு நாளும் உங்க ஞாபகம் வருது."

"தெரியும்மா" என்றேன்.

நகலை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குத் திருப்பித் தரவில்லை. "பதில் வந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

அலுவலகத்துக்கு இரண்டு முறை நேரில் போய்க் கேட்டுவிட்டேன். கோப்பு மேசையில் இருக்கிறது என்கிறார்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.